ஈரநிலமும் ஏரியும்: துவாக்குடி வட்டாரத்தை முன்னிட்ட ஒரு சொல் விளக்கம்

அண்மைக் காலத்து அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் ‘ஈரநிலம்’ என்னும் சொல் பெருவழக்காகக் காணப்படுகின்றது. அதே பொருளில் ‘சதுப்புநிலம்’ என்று எழுதுவாரும் உளர். இவ்விரண்டும் ஒருபொருட் கிளவிகள் போலவே ஆளப்படுகின்றன. ஆயின் அவை ஒருபொருளன அல்ல. சதுப்பு என்பது சேறுபட்டு நீர் கசிந்து நிற்கும் நிலம். ஈரநிலம் என்பது ஆக்கப்பட்ட புதுச்சொல்; அதன் எல்லை மிக விரிந்தது. இவ்வேறுபாடு அகராதி தொகுப்பார்க்கு மட்டும் உரியதெனக் கருதி விடுத்தற்கில்லை. எச்சொல்லின்கீழ் ஒரு நீர்நிலை அடங்குகின்றது என்பதைப் பொறுத்தே அது காக்கப்படுவதும் கைவிடப்படுவதும் இன்று அமைகின்றன. திருச்சிராப்பள்ளியின் கிழக்கெல்லையாகிய துவாக்குடியைச் சூழ்ந்த ஏரிகளைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முயல்வோம்.

ஈரநிலம் என்னும் கருத்து உலக வழக்கிற்கு வந்தது 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டு இராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் ஆகும். இந்தியா அதில் 1982இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை சதுப்பு, சேற்றுநிலம், நீர்ப்பரப்பு ஆகியவற்றை, இயற்கையாயினும் செயற்கையாயினும், நிலையாக நீர் நிற்பினும் சிலகாலமே நிற்பினும், நன்னீராயினும் உவர்நீராயினும் ஒருங்கே தழுவிக்கொள்கின்றது. வற்றத்தின்போது ஆறு மீட்டருக்கு மேற்படாத கடற்பரப்பும் அதனுள் அடங்கும். இயற்கை, செயற்கை என்னும் வேற்றுமையை அது கருதவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஈரநிலப் பாதுகாப்பு விதிகளோ, அவ்விரிந்த இலக்கணத்தை முதற்கண் ஏற்றுக்கொண்டு, பின்னர்ச் சிலவற்றை விலக்குகின்றன. ஆற்றுப்படுகை, நெல்வயல், குடிநீருக்கென மனிதர் அமைத்த நீர்நிலை, மீன் வளர்ப்பு, உப்பு விளைவு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றிற்கெனவே கட்டப்பட்ட அமைப்பு என்பன அவ்விலக்கினுள் அடங்குவன. ‘பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட’ என்னும் தொடர் தமிழ்நாட்டு நிலையில் என்ன பொருள்படும் என்பதை நினைந்து பார்த்தல் வேண்டும். நம் ஏரிகளுள் பாசனத்திற்கெனக் கட்டப்படாதது எது? தமிழகத்தின் உள்நாட்டு நீர்நிலைகளுள் மிகப் பெரும்பாலானவற்றை ஒரே தொடரால் புறத்தே நிறுத்திவிடுகின்றது அவ்விதி.

இனித் துவாக்குடி வட்டாரத்தை நோக்குவோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் பெருவழியில் திருவெறும்பூரைக் கடந்து செல்வார்க்கு இவ்வூர் ஒரு தொழில் நகரமாகவே தோன்றும். 1960களில் இப்பக்கத்தில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும், 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் நிறுவனமும், அவற்றைச் சார்ந்து பெருகிய சிறுதொழிற் கூடங்களும் இவ்வூரின் முகத்தை மாற்றிவிட்டன. எனினும் பெருவழியை விட்டுச் சிறிது விலகினால் வாழவந்தான்கோட்டை ஏரியும், கூத்தைப்பார், கிளியூர் ஆகிய ஊர்களின் ஏரிகளும் காணலாம். கார்காலத்திற்குப் பின் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் இவற்றில் திரள்கின்றன.

வாழவந்தான்கோட்டை ஏரி தனித்து நிற்கும் நீர்நிலை அன்று. உய்யக்கொண்டான் வாய்க்காலின் கடைமுடிவு அது. காவிரியின் தென்கரையில் பேட்டைவாய்த்தலை என்னுமிடத்திற் பிரியும் அவ்வாய்க்கால், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே புகுந்து, வழியில் ஏரிகள் பலவற்றை நிரப்பி, இவ்வேரியில் வந்து அடங்குகின்றது. உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராசராசனின் சிறப்புப் பெயர்களுள் ஒன்றாதலின் வாய்க்காலும் அவன் காலத்தது (985–1014) என்பது வழங்கிவரும் கொள்கை. வாய்த்தலை என்பது ஆற்றிலிருந்து கால் பிரியும் தலையிடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். இன்று பொதுப்பணித் துறையார் ‘தலைமதகு’ என்பர். துறையார் விட்ட சொல்லை ஊர்ப்பெயர் விடாது காத்துவருகின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இவ்வமைப்பின் தலையையும் கடையையும் இரண்டு ஊர்ப்பெயர்களே நமக்கு அறிவிக்கின்றன. இடையில் நகரம் என்ன செய்கின்றது என்பதை விரிக்க வேண்டுவதில்லை. நகரத்துக் கழிவுநீர் கலக்கும் கால்களுள் உய்யக்கொண்டானும் ஒன்று என்பது திருச்சிராப்பள்ளியில் வாழ்வார் அனைவரும் நாள்தோறும் காண்பது. கடைமடை ஏரிக்கு வருவது அந்நீரே.

விதியின்படி நோக்கின், இவ்வேரி பாசனத்திற்கெனக் கட்டப்பட்டது. ஆதலின் ஈரநிலம் அன்று. பறவை நோக்கின் ஈரநிலமே.

இவ்வட்டாரத்திற்கு அண்மையில் முறைப்படி காக்கப்பட்டு வரும் நீர்நிலை ஒன்று உளது. அஃது அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற அதன் பரப்பு ஏறத்தாழ 454 எக்டேர். 2024ஆம் ஆண்டு சனவரியில் இராம்சர்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. சென்ற மார்கழித் திங்களில் முதுகலை மாணவர் சிலருடன் யாம் அங்குச் சென்றிருந்தோம். மருதத்திணைக் கருப்பொருள்களைப் பாடநூலிற் படித்த மாணவர்க்கு அவற்றை நேரிற் காட்டல் வேண்டும் என்பதே அச்செலவின் நோக்கம். துவாக்குடியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து திருமானூர்ப் பக்கமாகச் செல்லுதல் வேண்டும். பழுவேட்டரையர் ஆண்ட பழுவூர்கள் அதற்கு அணித்தே உள்ளன. கல்வெட்டில் ஈடுபாடுடைய மாணவர் அங்கேயே இறங்கிவிட விரும்பியதில் வியப்பில்லை.

கரைமேல் நின்று நோக்கியபோது எமக்கு முதலில் தோன்றியது, இதுவும் ஓர் ஏரியே என்பதாம். நீண்டுயர்ந்த மண்கரை, மதகு, கரைக்கு வெளியே நெல்வயல். மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து இதனை நிரப்புகின்றது. (புள்ளம்பாடி என்னும் பெயரைப் புள் எனப் பிரித்துப் பறவையோடு இயைக்க மாணவர் ஒருவர் முந்தினார். கல்வெட்டுச் சான்று காட்டாது ஊர்ப்பெயரைப் பிரிப்பது ஆகாது என்று தடுத்தோம். எனினும் அவ்விடத்தில் நின்றுகொண்டு அவ்வாறு பிரிக்காதிருத்தல் அரிது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.) கரையில் எதிர்ப்பட்ட முதிய உழவர் ஒருவரிடம், “ஐயா, சரணாலயத்திற்குள் இறங்கும் வழி எது?” என்று மாணவர் வினவினர். அவர், “ஏரிக்குள்ள இப்ப இறங்க முடியாது தம்பி, தண்ணி கெடக்கு. மாசிக்கு மேல வாங்க” என்றார். அவரோடு பேசிக்கொண்டிருந்த பொழுது முழுவதும் சரணாலயம் என்னும் சொல் அவர் வாயில் வரவேயில்லை.

அவர் கூறிய ‘மாசிக்கு மேல்’ என்பதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஏரி, கரையோரத்தில் ஆழமாகவும் நீர் வரும் பக்கத்தில் வரவர மேடாகவும் அமைவது. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்த நீர், மதகு வழியே வயலுக்குப் பாயப்பாய, மேட்டுப்பக்கத்திலிருந்து சிறிதுசிறிதாகப் பின்வாங்கும். நீர் பின்வாங்கிய இடத்திற் சேறு வெளிப்படும், சேற்றுக்கு அப்பால் கணுக்காலளவு நீர், அதற்கப்பால் முழங்காலளவு, அதற்கும் அப்பால் நீந்தற்குரிய ஆழம். சேற்றைக் குத்தித் தின்னும் உள்ளான்கள் ஓரிடத்திலும், நின்று மீன் கவரும் நாரையும் கொக்கும் வேறிடத்திலும், நீந்தும் வாத்தும் நாமக்கோழியும் மற்றோரிடத்திலுமாகத் தத்தம் கால் நீளத்திற்கும் அலகு நீளத்திற்கும் ஏற்ற இடத்தைப் பெறுகின்றன. நீர் என்றும் ஒரே மட்டத்தில் நிற்குமாயின் இவ்வரிசை அமையாது. மதகைத் திறந்து வயலுக்கு நீர் விடும் செயலே பறவைக்கு நாள்தோறும் புதிய சேற்றுப் பரப்பை விரித்துக் கொடுக்கின்றது. ஏரியின் ஈரநிலத் தன்மைக்குப் பாசனம் பெருந்துணையாகின்றது என்பதே இதனாற் பெறப்படுவது. விதி எதனைக் காரணம் காட்டி விலக்குகின்றதோ, அதுவே அந்நிலத்தைப் பறவைக்கு உகந்ததாக்கும் காரணங்களுள் தலையாயது.

கரைவெட்டி காக்கப்பட்டது ஈரநில விதியால் அன்று, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. வேறொரு வாயிலால் உட்புகுந்து அது தப்பியது. வாழவந்தான்கோட்டைக்கும் கிளியூருக்கும் அவ்வாயில் இதுவரை திறக்கவில்லை.

பண்டைத் தமிழ் இலக்கணம் நிலத்தை எவ்வாறு பகுத்தது என்பதை இதனோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுத்துக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒருங்கு வைத்தார். பறவையும் தொழிலும் ஒரே நூற்பாவில் ஒருங்கே நிற்கின்றன. நாம் இதனை வகுப்பறையிற் பலகாலும் ஒப்புவித்துக் கடந்துவிடுகின்றோம். உழவன் நெல் விளைப்பதும் நாரை மீன் கவர்வதும் மருதம் என்னும் ஒரு நிலத்தின் இரண்டு கருப்பொருள்கள் என்பது அந்நூற்பாவின் துணிபு. மனிதர் தொழில் நிகழும் இடத்தைப் பறவையின் இடத்தினின்றும் பிரித்து, ஒன்றிருப்பின் மற்றொன்று இல்லை எனக் கொள்ளும் பகுப்பு அதில் இல்லை. பிற்காலத்து நாற்கவிராச நம்பி மருதத்துப் பறவைகளாக வண்டானம், மகன்றில், நாரை, அன்னம், போதா, கம்புள், குருகு, தாரா என்பவற்றை எண்ணினார். இவற்றுட் கம்புள் என்பதற்குச் சம்பங்கோழி எனப் பொருள் கூறுவர். அது துவாக்குடிப் பக்கத்து ஏரிக்கரைக் கோரைகளில் இன்றும் மறைந்து திரிவது. மாணவர் பலர் பார்த்திருந்தும் கம்புள் என்று அறியாதது. தாரா என்பது நீரில் வாழும் வாத்தினம். எஞ்சியவற்றை இன்னின்ன பறவை எனத் துணிவதற்குப் பி. எல். சாமி அவர்கள் செய்த சங்க இலக்கியப் புள்ளின ஆய்வு பெருந்துணையாவது. நம் துறையினர் அதனை மேற்கோளுக்கு மட்டும் எடுத்தாளுகின்றனரே அன்றித் தொலைநோக்கியொடு ஏரிக்கரைக்கு எடுத்துச் செல்வாரைக் காண்பது அரிதாகவுள்ளது.

அன்னம் என்பது யாது என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. கரைவெட்டியில் யாம் கண்ட வரித்தலை வாத்து இவ்வாராய்ச்சியில் இடம்பெறத்தக்கது. வெண்மையான தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய வரிகளையுடைய அப்பறவை நடு ஆசியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தில் இமயத்தைக் கடந்து தென்னாடு வருவது. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச் சேவலை விளித்துப் பேசுகின்றார். குமரித்துறையில் அயிரை மீனை அருந்தி வடமலை நோக்கிச் செல்லும் நீ, இடையிற் சோழநாட்டை அடைவாயாயின், கோழியாகிய உறையூரின் உயர்ந்த மாடத்தில் நின் பெடையொடு தங்கி, கோப்பெருஞ்சோழனிடம் என் பெயரைக் கூறுக என்பது அப்பாட்டின் பொருள். தெற்கே குமரி, வடக்கே இமயம், இடைத் தங்கல் உறையூர் என ஒரு வலசைப் பாதையே அதில் வரையப்பட்டுள்ளது. உறையூர் இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதி. அன்னம் வரித்தலை வாத்தே என்று இதனாற் சாதிக்க யாம் முற்படவில்லை. வரித்தலை வாத்து பெரும்பாலும் புல்லையும் தானியத்தையும் மேய்வது; பாட்டில் வரும் அன்னமோ அயிரை உண்பது. இத்தடையை நீக்காது அவ்வொப்புமையை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் இமயத்தினின்று வந்து மீளும் பெருநீர்ப்பறவைகள் காவிரிக்கரை நாட்டில் இடைத்தங்கும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார் என்னும் அளவு ஐயத்திற்கு இடமின்றிப் பெறப்படும்.

சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையை விளித்துப் பாடியது யாவரும் அறிந்தது. பனங்கிழங்கு பிளந்தாற் போன்ற அலகை அவர் கூறிய நுட்பத்தைப் பலரும் போற்றுவர். நமக்கு வேண்டுவது அந்நாரை தங்கும் இடம். தென்திசைக் குமரியாடி வடக்கே மீளும் நாரையும் பெடையும் தம் ஊரின் வாவியில் தங்குமாறு அவர் வேண்டுகின்றார். வறுமையால் வீட்டுக் கூரையும் சுவரும் நனைந்து கிடக்கும் நிலையிலும், பறவை வந்திறங்குவதற்கு ஊரில் ஒரு வாவி இருந்தது. அவ்வாவி ஊரார் பயன்கொள்ளும் நீர்நிலை. எவரும் அணுகாத காட்டுப் பொய்கை அன்று.

சட்டத்திற்கு முற்பட்ட காவலும் இவ்வாறே அமைந்திருந்தது. வேடந்தாங்கல் ஊரார், பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, பறவையைச் சுடுவாரைத் தடுத்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த இலயனல் பிளேசு என்பாரிடம் தம் உரிமைக்கு எழுத்துச் சான்று பெற்றனர். அங்குப் பறவையைக் காத்தது பாசனமே. தாங்கல் என்பதும் நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியின் பெயர். தமிழ்நாட்டின் இராம்சர் இடங்கள் 2025 பிப்ரவரி நிலவரப்படி 20. அவற்றுள் வேடந்தாங்கல், தேர்த்தங்கல், கூந்தன்குளம், காஞ்சிரங்குளம், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், நஞ்சராயன் குளம் எனப் பலவும் ஏரியும் குளமும் கண்மாயுமே ஆகும். பெயரின் இறுதிச்சொல்லே சில இடங்களில் அவற்றின் வரலாற்றைக் கூறிவிடுகின்றது. இவற்றையெல்லாம் ‘சதுப்புநிலங்கள்’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போது, மண் சுமந்து கரை கட்டியவரும் மதகு வைத்தவரும் சொல்லளவில் மறைந்துபோகின்றனர். தானே தேங்கிய சேறு என்னும் எண்ணமே படிப்பார்க்கு எழுகின்றது.

சதுப்பு என்னும் பெயர்க்கு உரியது சென்னைக்குத் தெற்கே நகர விளிம்பில் உள்ள பள்ளிக்கரணை. அதனையும் முன்னோர் சதுப்பு என்னாது கழுவெளி என்றே வழங்கினர். வெள்ளநீர் பரந்து தேங்கும் தாழ்ந்த வெளி கழுவெளி. மரக்காணத்தை அடுத்துள்ள பெருநீர்ப்பரப்பிற்கு அச்சொல் இன்றும் பெயராக நிற்கின்றது. பொதுப்பெயராய் வழங்கிய நல்ல சொல் ஒன்று, ஓரிடத்தின் சிறப்புப்பெயராய்ச் சுருங்கிவிட, நாம் வேறு சொல் தேடி அலைகின்றோம். பள்ளிக்கரணை 2022இல் இராம்சர்ப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடும் சாலையும் கட்டடமும் ஆகிவிட்டிருந்தது.

துவாக்குடி வட்டாரத்திற்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. நகரம் கிழக்கு நோக்கி வளர்கின்றது. ஏரியின் கீழுள்ள ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. வயல் குறையுந்தோறும் மதகைத் திறப்பார் குறைவர்; முறைவைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு வேலை இராது; வரத்துக்கால் தூர்ந்தாலும் கேட்பார் இரார். ஏரி பாசனத்திற்குப் பயன்படும்வரை விதியின்படி ஈரநிலம் அன்று. பாசனம் ஒழிந்தபின் எவர்க்கும் வேண்டாத வெற்றுநிலம். ஒரு நீர்நிலை இரண்டு நிலையிலும் காவலின்றி நிற்கும் இடர் இது. உச்சநீதிமன்றம் 2017 பிப்ரவரியில், செயற்கைக்கோள் வழி வரையப்பெற்ற 2,01,503 ஈரநிலங்களைக் காக்குமாறு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உளது. இச்சட்டத்தின் நோக்கு ஏரியின் எல்லையைக் காத்தல். எல்லைக்குள் எத்தகைய நீர் வருகின்றது, எப்பொழுது வடிகின்றது, சேறு எங்கு வெளிப்படுகின்றது என்பன அதன் நோக்கிற்கு அப்பாற்பட்டவை. பறவைக்கு வேண்டுவன அவையே.

தமிழ்த்துறையினர் இதிற் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஈரநிலம் என்பதைப் பொதுச்சொல்லாகக் கொள்வதில் தடையில்லை. அதன்கீழ்க் கழுவெளி, கழி, ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், பொய்கை என்பன தத்தம் பொருள் மாறாது நிற்றல் வேண்டும். அரசாணைகளை மொழிபெயர்ப்பார்க்கு இவற்றை வரையறுத்துக் கொடுத்தல் நம் கடன். அதற்குமுன், ஏரியின் உறுப்புக்களுக்குத் திருவெறும்பூர் வட்டத்து உழவர் இன்னும் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். மடை, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, வரத்துக்கால், கண்ணாறு என்பவற்றுட் சில கல்வெட்டிலும் உள. உழவர் வாயிலும் உள. ஊரார் கூடி ஏரியைப் பேணும் வழக்கத்திற்கு நாம் இன்று கூறும் குடிமராமத்து என்னும் சொல்லில் மராமத்து வேற்றுமொழிச் சொல். அதற்கு முற்பட்ட ஏரிவாரியம் உத்தரமேரூர்ச் சாசனத்தில் உள்ளது. உழவரிடம் வேறு சொல்லும் இருத்தல் கூடும். மதகைத் திறக்கும் கடைசித் தலைமுறை முதுமையெய்திவிட்டதாதலின் இத்தொகுப்பு நீட்டிக்கத்தக்கதன்று.

இத்தொகுப்பிற்கு முதற்சொல்லாக உள்வாய் என்பதைக் கூறலாம். கரைக்கு உட்பட்டு நீர் பரவும் ஏரிப்பகுதியைக் கல்வெட்டுக்கள் உள்வாய் என்கின்றன. வருவாய்த் துறையாரும் இச்சொல்லை விடவில்லை. ‘ஏரி உள்வாய்ப் புறம்போக்கு’ என்று எழுதுகின்றனர். புறம்போக்கு என்பது தீர்வைக்குப் புறம்பாய் ஒதுக்கப்பட்ட பொதுநிலம். ஆனால் இன்று அச்சொல் கேட்பார் செவியில் ஆளற்ற நிலம் என்றே ஒலிக்கின்றது. ஒரு தொடருக்குள் உள் என்பதும் புறம் என்பதும் முரணாது நின்ற காலம் எப்பொழுது மாறியது, பத்திரங்களிலும் பேச்சு வழக்கிலும் அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். கிளியூர், கூத்தைப்பார், வாழவந்தான்கோட்டை ஆகிய மூன்று ஊர்களின் நிலப்பதிவேடுகளே அவ்வாய்வுக்குத் தொடக்கமாகும்.